மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டாவது கருத்துக் கேட்கப் போன இடம்

முதலில் பார்த்த மருத்துவமனையில், பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையைப் புரட்டிய கையோடு, மார்பை முழுவதும் எடுத்துவிட வேண்டும், திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். கட்டி இரண்டு சென்டிமீட்டர்தான் என்பதால் மனம் ஒப்பாமல், சென்னையில் வேறொரு மருத்துவமனையின் மார்பக நோய்ப் பிரிவுக்குப் போனோம். இந்த மதிப்புரை அந்தப் பிரிவைப் பற்றியது.

இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். ஆனால் உள்ளே நாற்பது நிமிடம் கிடைத்தது. அத்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னபோதெல்லாம், "அம்மா சொல்லட்டும் சார்" என்று மருத்துவர் அக்காவின் பக்கமே திரும்பினார். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பை முழுவதும் எடுத்தாலும், உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை என்பதை, பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர் தலைமையில் அமெரிக்காவில் நடந்து, 20 ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின் 2002-இல் வெளியான ஆய்வைக் காட்டி விளக்கினார். பிறகு ஒரு தாளில் நூறு சிறு வட்டங்கள் போட்டு, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சைத் தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கும், பெற்றுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கும் அதே மார்பில் நோய் திரும்பியது என்று தனித்தனியே நிழலிட்டார். இன்றைய மருந்துகளால் அது இன்னும் குறைந்திருக்கிறதாம்.

"அந்தப் பதினாலு பேரில் நானும் இருந்துவிட்டால், டாக்டர்?" என்று அக்கா கேட்டார். பெரும்பாலும் அப்போது மார்பை எடுத்துக்கொள்ள முடியும் என்று மறைக்காமல் சொன்ன மருத்துவர், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் கதிர்வீச்சுக்கு வர முடியுமா, துணைக்கு யார் வருவார்கள், எது அதிக பயமாக இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தார். கடைசியில், புரிந்ததை அக்காவையே திருப்பிச் சொல்ல வைத்து, ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னார். சென்னையிலேயே என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று உறுதியான பிறகு, அக்கா மார்பைக் காப்பாற்றும் சிகிச்சையையே தேர்ந்தெடுத்தார். அவர் வேறு முடிவு எடுத்திருந்தாலும் அந்த அறையில் மதிப்பு இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

பெரிய குறை ஒப்புதல் படிவம். நான்கு பக்கமும் ஆங்கிலம். செவிலியர் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னார் என்றாலும், கையெழுத்திடுபவர் தானே படிக்கும்படி தமிழில் அச்சிடுவது இவ்வளவு நல்ல பிரிவுக்குக் கடினமான காரியமல்ல. செலவுக் கணக்கையும் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

போகிறவர்கள் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார்.