காதல் முறிந்தபின் பேச ஓர் எண்: 14416

கேரளத்தில் நான் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் காதல் முறிவைப் பற்றி வாய்விட்டுப் பேச எனக்கு இடமில்லை. அம்மாவிடம் சொன்னால் அன்றே பொள்ளாச்சி அத்தைக்குத் தெரிந்துவிடும். அடுத்த வாரம் ஜாதகம் வந்து நிற்கும். பாலக்காட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொன்ன ஒருவர், நான் அழுது முடிப்பதற்குள் "கல்யாணம் ஆனால் எல்லாம் மறந்துபோகும்" என்றார். அந்த வாசலை நான் மறுபடி மிதிக்கவில்லை.

ஆகவே 14416-ஐ மனமாரப் பாராட்டுகிறேன். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை இது. இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் கிடையாது. மொழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிது. கடையிலும் அலுவலகத்திலும் மலையாளம் சரளமாகப் பேசுவேன். ஆனால் அவன் என்னை மெல்ல மெல்ல விலக்கியதைத் தமிழில்தான் சொல்ல வருகிறது.

மறுமுனையில் இருந்த பெண் குறுக்கிடவே இல்லை. யார் மேல் தவறு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. தூங்குகிறேனா, சாப்பிடுகிறேனா, அவனுடைய பழைய செய்திகளை எந்த நேரத்தில் எடுத்துப் படிக்கிறேன் என்று கேட்டார். நள்ளிரவில் என்றேன். படுக்கப் போகும்போது போனை வேறு அறையில் வைத்துவிடச் சொன்னார். சின்ன யோசனைதான், பலித்தது.

மாதக்கணக்கில் நேரில் உட்கார்ந்து பேச வேண்டியவர்களுக்குத் தொலைபேசி மட்டும் போதாது. மருத்துவர் தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு வழிகாட்டுவார்கள். மொட்டைமாடிக்குப் போய் அழையுங்கள், வீட்டில் சுவருக்கும் காது உண்டு. 1800 891 4416 என்ற எண்ணிலும் இதே சேவை கிடைக்கும்.