பனாமா கால்வாய் முழுப் பயணம் என்று சொல்லிப் பாதியில் இறக்கிவிட்டார்கள்: 1,040 டாலர் போச்சு

பனாமாவிலிருந்து திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. கோபம் அடங்கவில்லை. அங்கே போகிறவர்கள் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அப்பா பொதுப்பணித் துறையில் மதகும் அணையுமாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பனாமா கால்வாயில் கப்பலைப் படிப்படியாக 26 மீட்டர் தூக்கி, ஏரியில் விட்டு, மறுபக்கம் கடலில் இறக்குகிறார்கள், அதற்கு ஒரு பம்பு கூடக் கிடையாது, ஏரித் தண்ணீர் தானாக இறங்கி வந்தே தூக்குகிறது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குச் சொல்வார். அட்லாண்டிக் பக்கம் மூன்று படியாக இறங்கும் கட்டூன் லாக்கை (லாக் என்றால் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை.

பல கம்பெனிகளின் சுற்றுலாக்களை விற்கும் ஓர் இணையதளத்தில் பதிவு செய்தேன். பசிபிக் பக்கம் மட்டும் போகும் அரைப் பயணம், கடலிலிருந்து கடல் வரை முழுப் பயணம் என்று இரண்டு இருந்தன. முழுப் பயணம் ஆளுக்கு 260 டாலர். நான்கு பேருக்கு 1,040. பணம் கட்டுமுன் சாட்டில் கேட்டேன்: "கட்டூன் வரை போகுமா?" இரண்டே நிமிடத்தில் பதில்: "கண்டிப்பாக சார். மூன்று லாக்கும் உண்டு. கோலோன் பக்கம் இறங்கி பஸ்ஸில் திரும்பலாம்." இறங்கும் ஊர் வரைக்கும் சொல்கிறார்களே என்று நம்பி, அந்த நிமிடமே கார்டில் கட்டிவிட்டேன். வந்த ரசீதில் 'கால்வாய்ப் படகுப் பயணம்' என்று மட்டும்தான் இருந்தது.

பசிபிக் பக்கத்து அமதோரில் காலையில் படகு ஏறினோம். மிராஃப்ளோரஸ் லாக்கில் இரண்டு படி, பெத்ரோ மிகேல் லாக்கில் ஒரு படி. தண்ணீர் ஏற ஏறச் சுவரின் ஈரக்கோடு மறைவதை அப்பா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். மலையைக் குடைந்த குலேப்ரா வெட்டைத் தாண்டியதும் பாதி வழியில் இருக்கும் கம்போவாவில் படகைக் கட்டி எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். பட்டியலைப் பார்த்த வழிகாட்டி, "உங்கள் பேரில் அரைப் பயணம்தான் இருக்கிறது. இன்றைக்கு முழுப் பயணமே கிடையாது" என்றார். இல்லாத பயணத்தை எனக்கு விற்றிருக்கிறார்கள்!

படகுக் கம்பெனியைக் கேட்டால், "எங்களுக்கு வந்தது அரைப் பயணத்துக்கான பணம், கட்டின இடத்தில் கேளுங்கள்." இணையதளத்தில் முதலில் "24 மணி நேரத்தில் பதில் வரும்." அப்புறம் "கால்வாய் நிர்வாகம் நேரத்தை மாற்றியிருக்கும்." அப்புறம் "படகில் ஏறிவிட்டீர்கள், பணம் திரும்பாது." கடைசியில் அடுத்த பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன். 1,040 டாலருக்கு ஒரு கூப்பன்! பழைய சாட் உரையாடலைத் தேடினால் அந்தப் பக்கமே காலி.

"மிராஃப்ளோரஸ் பார்த்தோமே, போதும்ப்பா" என்கிறார் அப்பா. 74 வயதில் இன்னொரு முறை அவ்வளவு தூரம் அவரால் பறக்க முடியாது. பணத்தை விட அதுதான் வயிற்றெரிச்சல்.

போகிறவர்களுக்கு: முழுப் பயணம் எல்லா நாளும் கிடையாது, எந்தத் தேதி என்று படகுக் கம்பெனியிடமே நேரடியாகக் கேளுங்கள். பதிவுப் பக்கத்தில் கட்டூன் என்ற பெயர் எழுத்தில் இல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள். சாட்டில் பேசியதை உடனே படம் பிடித்து வையுங்கள். அவ்வளவுதான், இப்போதைக்கு வேறு எழுத மனமில்லை.

1,040 டாலருக்கும் கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.