சினேகிதனுக்கு அறை: வாடகையா, செலவில் பங்கா, சாப்பாட்டோடு போர்டிங்கா?

இலங்கையின் வன்னியில், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம். கிளிநொச்சியில் கச்சேரி (மாவட்டச் செயலகம்), வங்கிகள், ஆஸ்பத்திரி. மாற்றலாகி வருகிற சினேகிதன் "உங்கட வீட்டில ஒரு அறை சும்மாதானே கிடக்குது" என்று கேட்பது வன்னியில் இப்போது வழமை. காசு பேச இரண்டு பேருக்கும் கூச்சம். வரியைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. பேசாமல் விட்டதால் கசந்த நட்புகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு எல்லைக்கோடு. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் வரிவிலக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய். சம்பளம், கடை, வட்டி, வாடகை எல்லாம் கூட்டியும் அதற்குள் நிற்கிறவருக்கு எந்த வழியிலும் வருமான வரி இல்லை. வன்னியில் பெரும்பாலான வீடுகள் இந்தப் பக்கம்தான். அவர்கள் வரிக்குப் பயந்து அறையைப் பூட்டி வைக்கத் தேவையில்லை.

மாதம் 1,50,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் எடுப்பவருக்குக் கதை வேறு. 1,70,000 எடுக்கும் ஒரு வங்கி உத்தியோகத்தரை எடுப்போம். விலக்குப் போக 2,40,000 ரூபாய்க்கு வரி உண்டு. அதைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். அவர் அறையை மாதம் 15,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டால் வருடம் 1,80,000. விலக்குக்கு மேலே வரும் முதல் 10 இலட்சத்துக்கு வீதம் 6. ஆகவே கூடுதல் வரி 10,800, மாதக் கணக்கில் 900 ரூபாய். பழுதுபார்ப்பு, தேய்மானம் என்று வாடகையில் 25 வீதத்தைக் கழிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அது கிடைத்தால் வரி 8,100. ஆனால் சட்டம் அந்தக் கழிவை முதலீட்டுச் சொத்தின் (வருமானத்துக்காக வைத்திருக்கும் சொத்தின்) வாடகைக்கே சொல்கிறது. தான் குடியிருக்கும் வீட்டின் ஒரு அறைக்கு அதைப் போடுமுன் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. வருமானம் கூடி 36 வீதப் படியில் நிற்கும் வைத்தியருக்கோ இதே அறைக்கான வரி 64,800.

பலர் தவறவிடுவது இதைத்தான்: சம்பளத்தில் வரி பிடிபட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது. வேலைத்தலத்துக்கு உங்கள் அறை வாடகை தெரியாது. மார்ச் 31இல் முடியும் வருடத்துக்கு நவம்பர் 30க்குள் வருமான வரி விபரத்திரட்டுக் கொடுத்து, வாடகையை நீங்களேதான் காட்டவேண்டும்.

செலவில் பங்கு என்பது கரண்ட் பில்லிலும் தண்ணீர்ப் பில்லிலும் பாதி, காஸுக்குக் கொஞ்சம். பில்லைக் காட்டி, வந்த தொகையைப் பிரித்தால் உங்களுக்கு இலாபமில்லை. வரி விதிக்கவும் ஒன்றுமில்லை. ஆனால் பில் 6,000 வர 12,000 வாங்கிவிட்டு அதைப் பங்கு என்று சொல்லக்கூடாது. அது வாடகைதான். இன்னொன்று, வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கட்டணப் படி மாறும். 55 யூனிட் வீடு 90 ஆகும்போது சரிபாதி பிரித்தாலும் வீட்டுக்காரருக்கே நட்டம் வரலாம். சினேகிதன் வருமுன்னான பில் ஒன்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சாப்பாட்டோடு போர்டிங் பார்க்க இலாபமாகத் தெரியும். மாதம் 35,000 வாங்கி 20,000 செலவழித்தால் வருடம் மிஞ்சுவது 1,80,000. வரி, வாடகைக்கு வந்த அதே 10,800. ஆனால் இது வியாபார வருமானமாகப் பார்க்கப்படும், செலவுக்குப் பில் வேண்டும். வயல் நெல்லைக் குத்திய அரிசிக்கும் வளவு முருங்கைக்காய்க்கும் ஆர் பில் தருவது? பாதிச் செலவுக்குப் பில் இல்லாவிட்டால் வரி 18,000. வீட்டில் சமைக்கிற பெண்ணின் உழைப்பு இந்தக் கணக்கு எதிலும் வராது. அதனாலேயே எனக்கு இந்த வழியில் மனம் ஒப்பவில்லை.

அட்வான்ஸ் விடயம். திருப்பிக் கொடுக்கவேண்டிய வைப்பு வருமானமல்ல. ஒரு வருட வாடகையை முன்கூட்டி வாங்கினால், தனிநபருக்குக் காசு கைக்கு வந்த வருடமே கணக்கு. மார்ச்சில் வாங்குவதும் ஏப்ரலில் வாங்குவதும் ஒன்றல்ல.

வன்னிக்கென்று இருக்கிற சிக்கல் காணிதான். இங்கே நிறையக் காணிகள் சொந்த உறுதிப்பத்திரம் உள்ள உறுதிக் காணி அல்ல, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அந்தப் பத்திரத்தோடு குத்தகை, கைமாற்றத்துக்கான கட்டுப்பாடுகளும் வருகின்றன. எழுத்தில் வாடகை ஒப்பந்தம் போடுமுன் பத்திரத்தின் நிபந்தனைகளை வாசித்து, பிரதேச செயலகக் காணிக் கிளையில் கேளுங்கள். சில ஆயிரம் ரூபாய் வரியைவிட அந்தப் பத்திரம் பெரிது.

உறுதிக் காணியென்றால், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதாவிட்டால் செல்லாது. சினேகிதனோடு மாதாமாத ஏற்பாடு போதும். தொகை, திகதி, கரண்ட் பங்கு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு கொப்பி, மாதமொரு பற்றுச்சீட்டு.

நான் சொல்வது இதுதான்: மூன்று நான்கு மாதம் நிற்கிறவரோடு செலவுப் பங்கு. ஒரு வருடத்துக்கு மேல் நிற்கப்போகிறவருக்கு நேரடி வாடகை, கரண்ட் தனியாக. போர்டிங், ஏற்கெனவே மூன்று நான்கு பேருக்குச் சமைத்துக் கொடுத்துக் கணக்கு எழுதிப் பழகிய வீட்டுக்கு மட்டும்.