டாஸ்மாக் கடை: விதிப் புத்தகத்தை வைத்து ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டில் கடை வைத்து மது விற்கத் தனியாருக்கு வழியில்லை. 2003 நவம்பர் கடைசியில் அந்த உரிமை முழுக்க டாஸ்மாக் கைக்கு வந்தது. கடை எங்கே இருக்கலாம், யாருக்கு விற்கலாம் என்பதை அதே ஆண்டு வந்த சில்லறை விற்பனை விதிகள் சொல்கின்றன. விற்பனை பற்றிய பகுதி தெளிவாகவே இருக்கிறது. இடம் பற்றிய 8ஆம் விதிதான் ஊர்க்காரர்களை ஏமாற்றிவிடுகிறது.

மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனத்திலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற ஊர்களில் 100 மீட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தூரத்தை ஆள் நடந்து போகும் வழியில்தான் அளக்க வேண்டும். பள்ளியின் பின்சுவரும் கடையின் பின்சுவரும் ஒட்டியிருந்தாலும், பள்ளி கேட் அடுத்த தெருவில் இருந்து, சுற்றிப் போக 60 மீட்டர் ஆனால் நகரத்தில் அந்தக் கடை விதிப்படி சரி. கைபேசி வரைபடத்தில் நேர்கோடு போட்டு எடுத்த தூரத்தைக் கடைக்கு எதிரான மனுவில் எழுதினால் அது நிற்காது. டேப் பிடித்து, திருப்பங்களைக் குறித்த வரைபடத்தோடு கொடுங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை இரண்டு. வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று வகைப்படுத்திய இடத்துக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடே கிடையாது. குழந்தைகள் நடமாடும் கடைத்தெருக்கள் பல இப்படித்தான் விதிக்கு வெளியே போய்விடுகின்றன. இந்த விலக்கை எடுத்தே ஆக வேண்டும். அடுத்து, கடை வந்த பிறகு கட்டிய கோயிலோ பள்ளியோ கணக்கில் வராது. ஆகவே அளப்பதற்கு முன்பே நில வகைப்பாட்டைப் பாருங்கள்: சென்னையில் சி.எம்.டி.ஏ. (பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), வெளியூர்களில் நகர் ஊரமைப்பு அலுவலகம். பள்ளியின் அங்கீகார ஆணை நகலையும் சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இடத்தை முடிவு செய்பவர் அவர்தான். தெருவோரப் பிள்ளையார் கோயிலை மட்டும் காட்டும் மனு பலவீனமானது, பதிவு பெற்ற தலமா என்ற கேள்வி முதலில் வரும்.

நெடுஞ்சாலை விவகாரம் தனி. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 20,000 பேர் வரை உள்ள ஊர்களுக்கு 2017 மார்ச்சில் அதை 220 மீட்டராக்கியது. நகராட்சி எல்லைக்குள் இது பொருந்தாது என்று பின்னர் விளக்கமும் வந்தது.

கவுண்டரில் பார்க்க வேண்டியவை குறைவு. நேரம் பகல் 12 முதல் இரவு 10. வயது 21; சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்பது விற்பனையாளரின் கடமை, அதில் கோபப்பட ஒன்றுமில்லை. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் பில் கேளுங்கள். பில் இல்லாமல் போகும் புகாருக்கு உயிர் இல்லை. கடை எண், தேதி, மணி மூன்றையும் குறித்து டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கு எழுதுங்கள்.

காலி பாட்டில் திட்டத்துக்கு முழு மதிப்பெண். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022இல் நீலகிரியில் தொடங்கியது: வாங்கும்போது கூடுதலாக 10 ரூபாய், பாட்டிலைத் திருப்பினால் அது கையில். காட்டில் வீசிய கண்ணாடி யானைக் காலைக் கிழிப்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காமல் கொண்டுபோங்கள்.