அரிசி அளவு டேக், ஆற்றகல ஆன்டெனா: வலசை மீன்களோடு ஐந்து பருவங்கள்

ஐந்து வலசைப் பருவங்களாக ஒரே ஆற்றின் ஒரே வளைவில் மீன்களுக்கு டேக், அதாவது உடலுக்குள் வைக்கும் அடையாளக் குப்பி, போட்டு வருகிறேன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆறேறி வரும் பெரிய மீன்கள் ஒரு பக்கம். அடுத்த சில மாதங்களில் கடலை நோக்கி இறங்கும் குஞ்சுகள் இன்னொரு பக்கம். முதல் பருவம் முடிந்த கையோடு எழுதியிருந்தால் டேக்கைப் பற்றித்தான் நாலு பக்கம் எழுதியிருப்பேன். இப்போது உட்கார்ந்தால் பாதிக்கு மேல் ஆன்டெனாவைப் பற்றியே வருகிறது.

நாங்கள் பயன்படுத்துவது பிட் டேக். கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சில்லும் ஒரு செப்புச் சுருளும், அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பி வளையம்தான் ஆன்டெனா, அது 134.2 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். மீன் அதற்குள் நுழைந்ததும் அந்தப் புலத்திலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு டேக் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். தீர்ந்துபோக உள்ளே ஒன்றும் இல்லாததால் மீனின் ஆயுள் முழுக்க அது உழைக்கும். கொலம்பியா ஆற்றில் 1987-லிருந்து சால்மன்களுக்கு இதைப் போட்டு வருகிறார்கள்.

குஞ்சுகளுக்கு 12 மில்லிமீட்டர், பெரிய மீன்களுக்கு 23 மில்லிமீட்டர். சின்னது ஏறத்தாழ 0.1 கிராம், பெரியது 0.6 கிராம். டேக்கின் எடை மீனின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பழைய விதி ஒன்று உண்டு. எல்லா இனத்துக்கும் அது ஒரேபோலப் பொருந்தாது என்று வாதம் நடக்கிறது. நாங்கள் அதை மீறிப் பார்த்ததில்லை. மீன் சிறியதா என்று சந்தேகம் வந்தாலே டேக் போடாமல் விட்டுவிடுவோம்.

ஒலி டேக்கையும் ரேடியோ டேக்கையும் தலா ஒரு பருவம் பயன்படுத்தினோம். 69 கிலோஹெர்ட்ஸ் ஒலி டேக் ஆழமான நீரிலும் கழிமுகத்திலும் அருமையாக வேலை செய்தது. ஆனால் பாறைகளில் நீர் மோதி நுரைக்கும் இடங்களில், காற்றுக்குமிழிகள் ஒலியை விழுங்கிவிட்டன. ரேடியோ டேக் ஆழமில்லாத நன்னீருக்கு நல்லது. கரையோரமாக நடந்தே மீனைத் தேடிப் போகலாம். உப்புத்தண்ணீருக்குள் போனதும் குரல் நின்றுவிடும். இரண்டிலும் பேட்டரி உண்டு, அது ஒருநாள் தீரும். எண்ணிக்கையிலும் ஆண்டுக்கணக்கிலும் பிட் டேக்குக்கு ஈடு எனக்குத் தெரியவில்லை.

இனி ஆன்டெனா. இதை ஒரு பொருளாக நினைத்து வாங்கி வைத்தால் ஏமாற்றம்தான். தினமும் கவனிக்க வேண்டிய ஒன்று அது. வளையத்தின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் சுருதி, அதாவது அந்த அலைவெண்ணோடு உள்ள பொருத்தம், விலகிவிடும். ராத்திரி வெள்ளம் வந்து, ஒரு மரக்கிளை கம்பியை அரையடி இழுத்துவிட்டுப் போனால், காலையில் எண்ணைப் படித்துப் பதியும் கருவியான ரீடர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், விளக்கும் எரியும், ஆனால் ஒரு மீனும் பதிவாகாது. இரண்டாவது பருவத்தில் அப்படி நான்கு நாள் போனது. மீன் வரத்து நின்றுவிட்டது என்றே குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். அதன்பிறகு மணிக்கு ஒருமுறை தானாகவே எண் சொல்லும் சோதனை டேக் ஒன்றை வளையத்திலேயே கட்டிவிட்டோம். பதிவேட்டில் அந்த எண் இல்லாத மணி நேரம், ஆன்டெனா குருடாக இருந்த நேரம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

பக்கத்தில் இரும்பு இருந்தால் பிடிப்புத் தூரம் சுருங்கும். மலிவான மின்மாற்றிகளும் இன்வெர்ட்டரும் இரைச்சலைக் கொண்டுவந்து கொட்டும். சூரியத்தகடும் பேட்டரியும் போதும். டேக் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதும் முக்கியம். வளையத்தை நேராகத் துளைத்துப் போகிற மீன் நன்றாகப் பதியும், குறுக்காகத் திரும்பி நிற்கிற மீன் தப்பிவிடும். கூட்டமாக வந்தால் இன்னும் சிக்கல். இரண்டு டேக்குகள் ஒரே சமயத்தில் பேசினால் ஒன்றுகூடக் காதில் விழாமல் போகலாம்.

இவற்றைவிட என்னைத் திணறடித்தது கழன்று விழுந்த டேக். ஒரு மீன் வளையத்துக்குப் பக்கத்திலேயே டேக்கை உதறிவிட்டுப் போயிருக்கிறது. சரளைக்கல்லுக்கு நடுவே கிடந்த அது இரவெல்லாம் தன் எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது, மற்ற மீன்களின் குரல் அதில் அமுங்கிப்போனது. கைரீடரைத் தண்ணீருக்குள் விட்டு, அரை நாள் கல்லைக் கிளறி எடுத்தோம். முட்டை நிறைந்த பெண்மீன்களிடம் இது அதிகம் நடக்கிறது. முட்டையோடு டேக்கும் வெளியே வந்துவிடும். முட்டையிடும் தறுவாயில் இருக்கிற பெண்மீனுக்கு வயிற்றறையில் டேக் போடுவதை அதோடு நிறுத்திவிட்டோம்.

ஆன்டெனா இரண்டாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒன்று இருந்தால் மீன் வந்தது தெரியும். இரண்டு இருந்தால் எந்தப் பக்கம் போனது என்பதும் தெரியும். அதைவிடப் பெரிய பயன், ஆன்டெனா எவ்வளவு தவறவிடுகிறது என்பதை அளக்கலாம். கீழிறங்கும் குஞ்சுகளில் 50 கீழ் ஆன்டெனாவில் பட்டன என்று வைத்துக்கொள்வோம். அவை அத்தனையும் மேல் ஆன்டெனாவைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். அங்கே 40 மட்டுமே பதிவாகியிருந்தால், மேல் ஆன்டெனாவின் திறன் 80 சதவீதம். இந்தக் கணக்கு கையில் இல்லாமல் "இத்தனை மீன் பிழைத்தது" என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. பிழைப்பையும் கண்ணில் படுவதையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை கார்மாக், ஜாலி, செபர் ஆகியோர் 1964, 1965-லேயே தந்துவிட்டார்கள்.

இதை நான் வலியுறுத்தக் காரணமான மீன் ஒன்று உண்டு. முதல் பருவத்தில் குஞ்சாக டேக் போட்டோம். அப்போது ஒரே ஆன்டெனாதான். அந்தக் குஞ்சு கடலுக்கு இறங்கியதாகப் பதிவே இல்லை. எங்கள் அறிக்கையில் அதை "ஆற்றிலேயே இறந்தவை" என்ற வரிசையில் சேர்த்தேன். நான்காம் பருவத்தில், அதிகாலை மூன்று மணி வாக்கில், அதே 15 இலக்க எண் கீழ் ஆன்டெனாவில் பதிந்தது, சில நிமிடங்களில் மேல் ஆன்டெனாவிலும். மறுநாள் பொறிவலையில் அதுவே கிடைத்தது, என் முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. அந்த வரிசையில் நான் எழுதிய மற்ற எண்களையெல்லாம் எடுத்து மறுபடி கணக்குப் போட்டேன்.

மீனைக் கையாள்வதில் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். கை நனைந்திருக்க வேண்டும், காய்ந்த கை பட்டால் மேல்வழுவழுப்பு உரிந்து, அங்கே பூஞ்சை பிடிக்கும். மயக்க மருந்து நீரை அமிலமாக்கும் வகையென்றால் சமையல் சோடா கலந்து சரிசெய்ய வேண்டும். மீன் பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் மட்டும் நிதானமாக அசையும் நிலை வந்ததும் எடுக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு நிமிடமும் விடக்கூடாது. மூன்றாம் பருவத்தில் வாளித்தண்ணீரின் அளவைத் தப்பாகக் கணித்து மருந்தைக் கூடுதலாக ஊற்றிவிட்டேன். மூன்று மீன்கள் எழவே இல்லை. ஓடும் தண்ணீரில் வாயைக் காட்டிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றும் பயனில்லை. அன்றிலிருந்து வாளியில் அளவுக்கோடு போட்டிருக்கிறோம், ஒருவர் கையில் எப்போதும் நிறுத்துகடிகாரம் இருக்கும், அவருக்கு வேறு வேலை கிடையாது. தண்ணீர் சூடேறும் நாட்களில் வலையைத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். குளிர்நீர் மீன்கள் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே தவிக்கத் தொடங்கிவிடும். நல்ல வரத்துள்ள நாளை இழப்பது கஷ்டம்தான். ஆனால் நம் கையால் பாதி செத்த மீனைப் பின்தொடர்ந்து ஆற்றைப் பற்றி எதை அறியப்போகிறோம்?

சின்ன விஷயங்கள் இரண்டு. டேக்கை உள்ளே வைப்பதற்கு முன்பும் பின்பும் படித்துப் பாருங்கள். எல்லா ரீடர்களின் கடிகாரத்தையும் ஒவ்வொரு முறை போகும்போதும் ஒன்றோடொன்று சரிபாருங்கள், இல்லையென்றால் மீன் மேலே ஏறியதா இறங்கியதா என்பதே தலைகீழாகிவிடும்.

போன பருவத்தில் வெள்ளம் உயர்ந்தபோதெல்லாம் பதிவு பாதியாகக் குறைந்தது. சோதனை டேக் ஒழுங்காகப் பேசியது, சுருதியும் சரி. கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் புலம்பினேன். "வெள்ளத்துல நடு ஆத்துல ஏறாது தம்பி. இழுப்பு தாங்காது. கரையை ஒட்டுன தணிஞ்ச தண்ணியிலதான் ஏறும். உங்க கம்பி முடியுற எடத்துக்கு அந்தாண்ட பாருங்க" என்றார். மாலையில் போய்ப் பார்த்தேன். எங்கள் கம்பம் நட்ட இடத்துக்கு அப்பால், நாணல் புதருக்குள் முழங்கால் ஆழத் தண்ணீர் பரவியிருந்தது. அதற்குள் சின்னச் சின்ன அலைகளாக மீன்கள் ஏறிக்கொண்டிருந்தன.

இந்தப் பருவத்துக்குப் புதிய டேக் குறைவாகத்தான் வாங்கியிருக்கிறோம். மிச்சப் பணத்தில் மூன்றாவது ரீடர் வந்திருக்கிறது. கம்பம் நாணலுக்குள் நட்டாயிற்று, தண்ணீர் ஏறும்போது மட்டும் அந்த வளையம் வேலை செய்யும்.