பிரிட்ஜ் பனியைப் பார்க்க ஒரு கிளிப் லென்ஸ்

யாழ்ப்பாணத்தில் மக்ரோ லென்ஸ், அதாவது சின்னப் பொருளைக் கிட்டவைத்துப் பெரிதாக எடுக்கிற லென்ஸ், வாங்குகிறவர்கள் அநேகமாகப் பூவும் பூச்சியும் தோடும் சங்கிலியும் எடுக்கத்தான் வாங்குவார்கள். நான் வாங்கியது பிரிட்ஜுக்குள் படியும் உறைபனிக்காக. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு போன் கடையில் 1500 ரூபா. போன் கமராவில் கொழுவி விடுகிற வகை, லென்ஸ் கண்ணாடி, கிளிப் பிளாஸ்டிக்.

பெட்டியில் ஆறு கை விரித்த பனி நட்சத்திரப் படம் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி வாங்காதீர்கள், பிரிட்ஜில் அது கிடைக்காது. முகிலுக்குள் தனியே மிதந்து வளர்கிற பனிப்பளிங்குக்குத்தான் எல்லாப் பக்கமும் ஒரே குளிரும் ஒரே ஈரமும் கிடைக்கும், அதனால்தான் ஆறு கையும் ஏறத்தாழ ஒரே மாதிரி நீள்கின்றன, அதுவும் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை செல்சியஸ் அளவில்தான் கிளைவிட்ட நட்சத்திரம் நன்றாக வரும், பூச்சியத்துக்குக் கீழே 5 பாகைக்குக் கிட்ட என்றால் ஊசியும் தூணும்தான். இந்தக் கணக்கையெல்லாம் ஆய்வுகூடத்தில் பிடித்தவர் ஜப்பானின் உக்கிச்சிரோ நாக்காயா; 1936இல் ஹொக்கைடோவில் முயல் மயிர் நுனியில் செயற்கைப் பனிப்பளிங்கு வளர்த்தார். (எங்கள் வீட்டில் முயல் இல்லை.)

பிரிட்ஜ் பனியோ ஒரு பக்கம் தகட்டில் ஒட்டிக்கொண்டே வளர்வது. கதவைத் திறக்கும்போது புகுகிற ஈரக்காற்றின் நீராவி, தண்ணீராகாமல் நேரே பனியாகிவிடுகிறது. ஆனால் லென்ஸை வைத்துப் பாருங்கள்! வெறும் கண்ணுக்கு வெள்ளைப் பொருக்காகத் தெரிந்தது, நிறமே இல்லாத சின்னச் சின்னத் தட்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. சிலவற்றின் மூலை அச்சொட்டாக 120 பாகை. நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவது வெளியே தெரிகிற இடம் அதுதான். வெள்ளை என்பது ஒளி சிதறுவதால் மட்டுமே.

படம் எடுக்கிறதுதான் கரைச்சல். எங்கள் வெக்கைக்கு வெளியே எடுத்த உடனே கரைந்துவிடும். கறுப்பு மட்டை ஒன்றை முதலே ஃப்ரீசரில் வைத்துக் குளிரவிட்டு, அதில் பனியைச் சுரண்டிப் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு எடுங்கள். லென்ஸை மட்டும் குளிரில் வைக்காதீர்கள், வெளியே வந்ததும் புகார் பிடித்துவிடும்.

குறை என்றால், படத்தின் ஓரங்கள் மங்கல், கிளிப்பும் இப்போதே இளகத் தொடங்கிவிட்டது. போனிலேயே நல்ல மக்ரோ இருந்தால் இது வீண் செலவு. நோ ஃப்ரொஸ்ட் பிரிட்ஜ்காரருக்கும் பிரயோசனமில்லை, அது படிகிற பனியைத் தானே சூடாக்கி உருக்கிவிடும். பழைய ஒற்றைக்கதவு பிரிட்ஜ் இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.