பர்லியாறு ரோட்டுக் கடையில் வாங்கிய ஓட்டு ஜாதிக்காய்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியாறில் வண்டியை நிறுத்தாமல் நாங்கள் போவதில்லை. வழக்கமாக மங்குஸ்தானுக்காகத்தான். போன ஜூலையில் பழக்கடை அக்கா ஒரு முறத்தில் ஜாதிக்காய் பரப்பி வைத்திருந்தார். ஓடு உடைக்காதது. 100 கிராம் 80 ரூபாய் சொன்னார், 14 காய் நின்றது. ஜாதிபத்திரியும் 25 கிராம் வாங்கிக்கொண்டேன்.

"காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள உருளணும். உருளலைன்னா இன்னும் காயலை" என்று ஒவ்வொன்றாக ஆட்டியே எடுத்துப் போட்டார். பறித்த காயின் பருப்பு ஓட்டோடு ஒட்டியிருக்கும். வாரக்கணக்கில் காய்ந்து சுருங்கினால்தான் ஓட்டை விட்டு விலகிச் சத்தம் கொடுக்கும்.

வீட்டில் அம்மிக்குழவியால் ஒரு தட்டு. ஓடு இரண்டாகப் பிளந்தது. பருப்பைக் கத்தியால் குறுக்கே வெட்டினேன். வெளிர் பழுப்பில் கரும்பழுப்பு ரேகைகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. நகத்தை அழுத்தினால் எண்ணெய் மினுங்குகிறது. பல வருஷமாகப் பாக்கெட் தூள் வாங்கியவள் நான். அதில் ஒரு மரத்தூள் வாசம்தான் வரும். இதைத் துருவியபோது அடுக்களையைத் தாண்டி வாசல் வரை மணம். அந்த மணமே ஆவியாகிப் போகும் எண்ணெயில்தான் இருக்கிறது. தூளாக்கி வைத்தால் எப்படி நிற்கும்?

14-ல் 2 சரியில்லை. ஒன்றில் வண்டு துளை, உள்ளே மாவு. இன்னொன்றில் பூஞ்சை. பூஞ்சை பிடித்ததைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். அதில் அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாகலாம். கழுவினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. அப்படியே குப்பைக்குத்தான்.

பத்திரிக்கு முழு மதிப்பெண். ஜாதிக்காய் ஓட்டின்மேல் வலை மாதிரி படர்ந்திருப்பதுதான் பத்திரி. பச்சையில் ரத்தச் சிவப்பு, காய்ந்ததும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். நான் வாங்கியது முறியாமல் முழுப் பூவாக இருந்தது. குஸ்காவுக்கு நெய்யில் ஒரு இதழ் போட்டேன், அதுவே போதுமாக இருந்தது. அடர் சிவப்பாக, மணமே இல்லாமல் இருந்தால் அது காட்டு ஜாதிபத்திரியாக இருக்கலாம். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். இரண்டு வருஷத்துக்கு முன் என் அத்தை தூக்கம் வரவில்லை என்று கடையில் ஜாதிக்காய்த் தூள் பாக்கெட் வாங்கினார். "ஒரு ஸ்பூன் பாலில் கலந்து குடிக்கவும்" என்று அச்சடித்திருந்தது. குவித்து ஒரு ஸ்பூன் போட்டுக் குடித்திருக்கிறார். ஒரு மணி நேரமாகியும் தூக்கம் வரவில்லை என்று இன்னொரு ஸ்பூன். ஜாதிக்காய் வேலை காட்டவே பல மணி நேரம் ஆகும் என்று அவருக்கு யார் சொன்னது? நடுராத்திரி நாக்கு வறண்டு, நெஞ்சு படபடத்து, "சுவர் கிட்ட கிட்ட வருது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் இதற்கென்று முறிவு மருந்து இல்லை என்றார்கள். டிரிப்ஸ் ஏற்றி, இதயத் துடிப்பைக் கவனித்தபடியே இருந்தார்கள். மறுநாள் சாயங்காலம்தான் தெளிந்தார்.

காரணம் அதிலுள்ள மிரிஸ்டிசின் போன்ற பொருட்கள். 5 கிராம் அளவில் சாப்பிட்டவர்களுக்கே வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. 5 கிராம் என்றால் ஏறக்குறைய ஒரே ஒரு காய். பாயசத்துக்கோ பிரியாணிக்கோ நாம் போடும் சிட்டிகை அதற்குப் பக்கத்திலேயே வராது. அதனால் சமையலுக்குப் பயமே வேண்டாம். மருந்து என்று ஸ்பூன் கணக்கில் சாப்பிடுவதுதான் ஆபத்து. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. கைக்குழந்தைக்கு உரைமருந்தில் உரசிக் கொடுப்பதையும் எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். கல்லில் எத்தனை சுற்று சுற்றினால் எவ்வளவு இறங்கும் என்று யாரால் அளக்க முடியும்? நாய் வளர்ப்பவர்கள் டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள், அதற்கும் இது நஞ்சு.

முழுக்காய் வாங்குவதில் எனக்குப் பிடித்ததே இதுதான். துருவியில் நாலு இழுப்பு இழுத்தால் சிட்டிகைதான் விழும். அள்ளிப் போட வழியில்லை.

கடை அக்காவிடம் ஒரே குறை. "பால்ல போட்டுக் குடிங்க, நல்லா தூக்கம் வரும்" என்று அவரும் சொன்னார். அத்தைக்கு நடந்ததைச் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்போ எவ்வளவு போடணும்னு எழுதிக் குடுங்க, ஒட்டி வைக்கிறேன்" என்றார். "சமையலுக்குச் சிட்டிகை மட்டும்" என்று அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

அங்கே போனால் ஆட்டிப் பார்த்து, ஓட்டோடு வாங்குங்கள். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்தேன், எட்டு மாதமாகியும் கடைசி இரண்டு காய் அப்படியே மணக்கிறது.